ரோட்டுக்கு அந்தப் பக்கத்து பாக்ஸ்

ஒயர் இல்லாமல் சத்தம் போகிற ஜோடி வேண்டும் என்று தணிகாசலம் கேட்டதும், திருப்பதிக் கடையில் ஹேமநாத் சிரித்தான்.

"இத்தினி வருஷம் வேணாம்னீங்களேண்ணா. அக்கா கேட்டுக் கேட்டு அலுத்துப் பூட்டாங்க. வர்லியா அவங்க?"

"தையில போய்ட்டா. நெஞ்சு வலி."

ஹேமநாத் அலமாரியிலிருந்து டப்பாக்களை எடுத்து வைத்தான்.

தணிகாசலத்தின் ஊர் நாகலாபுரத்துக்குப் பக்கம். திரௌபதி அம்மன் கோயிலில் வருஷா வருஷம் பாரதம் படிப்பார்கள். மைக் செட் அவருடையது. கோயில் ரோட்டுக்கு இந்தப் பக்கம், பாதி ஊர் அந்தப் பக்கம். அங்கேயும் ஒரு ஸ்பீக்கர் பாக்ஸ் வைத்தாக வேண்டும். கரும்பு லாரிகள் போகிற ரோட்டில் ஒயரை மேலே கட்ட முடியாது. தரையில் போட்டு, சாக்கால் மூடி, மண்ணைக் கொட்டுவார்கள். லாரி போகப் போக மண் விலகும், சாக்கு நகரும். யாராவது கூடவே நின்று மூடிக்கொண்டிருக்க வேண்டும். கல்யாணமான வருஷத்திலிருந்து சந்திரம்மா நின்றாள்.

போன வாரம் தர்மகர்த்தா மாசிலாமணி வீட்டுக்கு வந்திருந்தார். "அந்தப் பக்கம் சத்தம் அறுந்தா ஜனம் சண்டைக்கு வருது. ஒண்டியா உன்னால ஆவுமா? ஆவாதுன்னா சொல்லிடு, தணிகாசலம். புத்தூர் செட்டுக்காரன் கேட்டுக்கினு இருக்கான்."

"ஆவும்" என்றார். இந்த வேலையும் போய்விட்டால் பகலெல்லாம் அந்த வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். அது அவரால் ஆகாது.

ஹேமநாத் ஒவ்வொன்றாகக் காட்டினான். "இது புளூடூத்து. சல்லிசு. ஆனா வார்த்தை லேட்டா வரும். ஒருத்தன் பேசறத இன்னொருத்தன் பின்னாலயே பழிச்சுக் காட்றாப்பல இருக்கும். இந்தக் குட்டி ஜோடி கிடார் வாசிக்கிறவங்களுக்கு. நடுவுல லாரி நின்னா கட்டாவும். இது யுஹெச்எஃப், லாரி குறுக்க வந்தாலும் அறாது. ஒண்ணு மிக்சர்ல, ஒண்ணு பாக்ஸ்ல. ஆளுயரத்துக்கு மேல கட்டிடுங்க. பேரில்லாத கம்பெனிதான், ஆனா மஞ்சி சரக்கு, நல்லா உழைக்கும்."

"இதவிட நல்லது?"

"இருக்குது. உங்க ரோட்டுக்கு இதுவே ஜாஸ்தி."

"அந்தப் பக்கம் ஆளு?"

"ஆளே வேணாம்ணா. அதுக்குத்தான இது."

தணிகாசலம் அதைக் கையில் வாங்கினார். உள்ளங்கையில் அடங்கிவிட்டது. முன்பொரு தடவை இதே கடையில் சந்திரம்மா இப்படி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "வாங்குய்யா. ஒரு வருஷமாவது முன்னாடி உக்காந்து பாரதம் கேக்கறேன்."

"பாக்ஸ் பக்கத்துலயே நிக்கிற. உன்னாட்டம் யாருக்குக் கேக்கும்?"

அன்று ஒரு மைக் ஸ்டாண்ட் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள்.

பாரதம் நடக்கும் நாட்களில் சோறு போடும்போது கேட்பாள். "ஏய்யா, அபிமன்யு உள்ள பூந்தான். அப்புறம் அந்த ஐயிரு இன்னா சொன்னாரு?"

"அங்கியே நின்னுக்கினு எங்கிட்ட கதை கேக்கறியே" என்று அவர் சிரிப்பார். சாப்பிட்டு முடித்துப் படுத்துவிடுவார்.

"டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாம். தெரு முனைக்கு பாக்ஸ எடுத்துக்கினு போங்கண்ணா, நான் பேசறேன்" என்றான் ஹேமநாத்.

"நீ போ. மைக் நான் புடிக்கிறேன்." எப்போதும் மைக் பக்கம்தான் அவர் நின்றிருக்கிறார்.

பாரதம் தொடங்கியது. முதல் நாள் பிற்பகல் ஜோடியைக் கட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. மைக்கைத் தட்டினார்.

"ஹலோ. ஹலோ. சந்திரம்மா, கேக்குதா?"

ஒவ்வொரு வருஷமும் கேட்பது. அவள் துண்டைத் தூக்கிக் காட்டுவாள். "பொண்டாட்டி பேர ஏலம் உடறான்யா" என்று ஊர்க்காரன் துலுக்காணம் கத்துவான். ஊர் சிரிக்கும்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவள் பெயர் பிசிறில்லாமல் ஒலித்தது. கோயில் முன் பாய் விரித்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. ரோட்டோரம் நின்றிருந்த துலுக்காணம் தன் தோளிலிருந்த துண்டை எடுத்து மெதுவாக உயர்த்திக் காட்டினான்.

நாட்கள் போயின. சத்தம் ஒரு தடவைகூட அறுபடவில்லை. "புத்தூர்க்காரனுக்கு வேணாம்னு சொல்லிட்டேன்" என்றார் மாசிலாமணி. மிக்சர் பக்கம் தணிகாசலத்துக்குச் செய்ய ஒன்றுமில்லை.

அபிமன்யு கதை நாளன்று எழுந்து ரோட்டைத் தாண்டினார். பாக்ஸ் பக்கத்தில், அவள் நிற்கிற இடத்தில் நின்றார். மூட ஒயர் இல்லை. கூட்டத்துக்கு மேல், அர்ஜுனன் வேஷக்காரர் ஏறுகிற தபசு மரத்தின் உச்சி மட்டும் தெரிந்தது.

"அபிமன்யு வியூகத்தினுள்ளே நுழைந்தான்" என்றார் பிரசங்கி. "பின்னால் வந்த பீமனை—"

கரும்பு லாரி ஒன்று ஏர் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அதன் பின்னால் ஊத்துக்கோட்டை பஸ். அதன் பின்னால் இன்னொரு லாரி. பாக்ஸ் காதோரம் அதிர்ந்தது. வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை.

தூசி அடங்கியபோது எதிர்ப்பக்கம் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். பிரசங்கி கதையில் வேறெங்கோ போய்விட்டிருந்தார்.

தணிகாசலம் பக்கத்தில் திரும்பினார். அப்புறம் இன்னா சொன்னாரு என்று கேட்க ஆள் இல்லை.