எனக்கு மட்டும் ஒரு பாட்டு

பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் தாஸிமின் கொமினிகேஷன் கடை. அதன் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று விஜயலெட்சுமி போனில் திரும்பத் திரும்ப வானொலி நிலையத்தின் எண்களை அழுத்திக்கொண்டிருந்தாள். காலடியில் அரிசியும் கருவாடும் வாங்கிய பை. எஃப்.எம். வானொலிகள் புதிதாக வந்து ஊரையே பைத்தியமாக்கிய காலம் அது. பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்கு லயம் ரேடியோ அலறும். யாருடைய பெயர் வந்தது, யார் யாருக்குப் பாட்டுக் கேட்டார்கள் என்பதுதான் மறுநாள் கொழுந்து மலையில் பேச்சு.

ஒருவழியாக லைன் கிடைத்தது. பெயரையும் தோட்டத்தையும் சொல்லி, அந்த மாதம் எல்லார் வாயிலும் கிடந்த குத்துப்பாட்டைக் கேட்டாள்.

“யாருக்காகக் கேக்கிறீங்க?” என்றார் அறிவிப்பாளர்.

“எனக்குத்தாங்க.”

“வேற யாருக்கும் இல்லையா?”

“இல்லீங்க. எனக்கு மட்டும்.”

அறிவிப்பாளர் சிரித்தார். தாஸிம் கடை ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவைத்தார். மேளம் இடித்ததும் விஜயலெட்சுமியின் தோள் தானாகக் குலுங்கியது. லொறி புரண்டு புருஷன் செத்து இரண்டு வருஷம். அதற்குப் பிறகு அவள் உடம்பு தாளத்துக்கு அசைந்தது அன்றைக்குத்தான்.

தோட்டத்து ரோட்டு முடக்கில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது கணபதி காத்திருந்தார். புருஷனின் அண்ணன். கோயில் கமிட்டித் தலைவரும் அவர்தான்.

“தாலியறுத்தவ கேக்கிற பாட்டா அது? தோட்டமே சிரிக்குது. வெள்ளிக்கெழம பூச முடிஞ்சதும் எல்லாருக்கும் முன்னால மன்னிப்புக் கேக்கிற.”

அவள் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

மறுநாள் மலையில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. முதுகுக்குப் பின்னால் மட்டும் கிசுகிசுத்தார்கள். பக்கத்து நிரையில் கொழுந்தெடுத்த நல்லம்மா, கணபதியின் மனைவி, மெல்ல அருகில் வந்தாள். திட்டப்போகிறாள் என்று விஜயலெட்சுமி தலையை நிமிர்த்தினாள்.

“பேர ரேடியோவுல கேக்கையில எப்பிடிடி இருந்துச்சு?”

“உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சுக்கா.”

நல்லம்மா வேறொன்றும் கேட்காமல் தன் நிரைக்குத் திரும்பிப் போனாள்.

வெள்ளிக்கிழமை கோயிலடி நிறையச் சனம். விஜயலெட்சுமி மகளை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாக வந்திருந்தாள்.

“சொல்லு,” என்றார் கணபதி.

“என்னத்த மாமா சொல்றது? பாட்டுக் கேட்டேன். பொய் சொன்னேனா, களவெடுத்தேனா?”

“என் தம்பிய நெனச்சுப் பார்த்தியா?”

“உங்க தம்பி இருந்திருந்தா அந்தப் பாட்டுக்கு மொதல்ல அவருதான் ஆடியிருப்பாரு.” கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் குரல் உயர்ந்தது. “செத்துப்போன என் புருஷனுக்காகன்னு சொல்லியிருந்தா நீங்களே கண்ணத் தொடச்சிருப்பீங்க. எனக்குன்னு சொன்னதுதானே குத்துது? அவரு போனதுலருந்து மழையில நனைஞ்சு கொழுந்தெடுக்கிறவ நான், புள்ளையப் படிக்க வைக்கிறவ நான். அதுக்கெல்லாம் ஒருநாளும் நீங்க கூட்டம் போடல. மன்னிப்பெல்லாம் கேக்க மாட்டேன். அடுத்த கெழமையும் பதுளைக்குப் போவேன். லைன் கெடச்சா பேசுவேன்.”

அவள் சாமியைக் கும்பிட்டுவிட்டு விறுவிறுவென்று இறங்கிப் போனாள்.

கமிட்டி விடவில்லை. அந்த மாதத் திருவிழாவில் சாமி லயம் லயமாக ஊர்வலம் வந்தது. ஒவ்வொரு வாசலிலும் நின்று பூசைத் தட்டு வாங்கியது. விஜயலெட்சுமி தேங்காயும் பழமும் சூடமுமாக மகளோடு வாசலில் நின்றாள். தப்பு மேளக்காரர்கள் அடித்துக்கொண்டே அவள் வாசலைக் கடந்து போனார்கள். கணபதி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மகள் விசும்பத் தொடங்கினாள். விஜயலெட்சுமி சூடத்தை வாசல் கல்லிலேயே கொளுத்தி, தேங்காயை ஓங்கி உடைத்தாள். சில்லு ஊர்வலத்தின் காலடி வரைக்கும் தெறித்தது.

“தின்னு,” என்று மகளிடம் ஒரு கீற்றை நீட்டினாள். “சாமிக்கு நம்ம வீடு தெரியும்.”

அடுத்த ஞாயிறு அவள் பஸ்ஸில் ஏறியபோது நல்லம்மாவும் ஏறினாள். தெரியாதவள் மாதிரி முன்பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்தாள். பதுளையில் இறங்கியதும் விஜயலெட்சுமியின் கையைப் பிடித்தாள்.

“எனக்கும் லைன் எடுத்துக் குடுடி.”

தாஸிமின் கடையில் இருவரும் ஒரே கூண்டுக்குள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். விஜயலெட்சுமி எண்களை அழுத்தி அழுத்திச் சலித்தபோது மறுமுனையில் “வணக்கம்” என்றது குரல். ரிசீவரை அக்காவின் கையில் திணித்தாள். நல்லம்மாவுக்கு மூச்சு வாங்கியது. நெற்றியில் வேர்வை அரும்பியது.

“ஹலோ, யாரு பேசறது?”

விஜயலெட்சுமி அவள் காதோடு சொன்னாள்: “பேர மாத்திச் சொல்லுங்கக்கா. மாமா ரேடியோ கேட்டுக்கிட்டு இருப்பாரு.”

நல்லம்மா அவளை முழங்கையால் ஒதுக்கிவிட்டு, ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கடைக்கு வெளியே நின்றவர்களும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்:

“நல்லம்மா பேசறேங்க! கோயில் கமிட்டித் தலைவரு கணபதியோட சம்சாரம்!”