ருசி பார்க்கக் குடித்தது

வெள்ளிக்கிழமை காலை விழித்ததும் முதலில் தலையைத்தான் பார்த்தேன். கண்ணாடியில் அல்ல. கண்ணைத் திறக்காமல், கழுத்தை அசைக்காமல், படுத்தபடியே உள்ளுக்குள் தேடினேன். இருந்தது. இடது நெற்றிப்பொட்டுக்குப் பின்னால், நேற்று விட்ட இடத்திலேயே உட்கார்ந்திருந்தது வலி. இன்றோடு நாலாவது நாள்.

நாலு என்பது என் அண்ணன் சிவசைலத்தின் கணக்கு. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை அவனுக்குத் தலைவலி வந்தது. புதனும் வியாழனும் மாத்திரை போட்டுக்கொண்டு வயலுக்குப் போனான். வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவன் அப்படியே தட்டில் சாய்ந்தான். திருநெல்வேலிக்குக் கொண்டுபோகும் வழியில் ஆலங்குளம் தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். அவனுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. எனக்கு இப்போது ஐம்பத்திரண்டு. எனக்கும் இந்தச் செவ்வாய்க்கிழமைதான் ஆரம்பித்தது. பயந்துபோயிருந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

போன சனிக்கிழமை நெஞ்சு படபடப்பென்று டாக்டரிடம் போயிருந்தேன். ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டுப் பயப்பட ஒன்றுமில்லை என்றார். காப்பி எத்தனை குடிப்பீர்கள் என்று கேட்டார். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்றேன்.

"ரெண்டுதானே? நிறுத்திப் பாருங்க. ஒண்ணும் செய்யாது."

நான் சொன்னதில் பொய்யில்லை. வீட்டில் என் மனைவி பேராச்சி போட்டுத் தருவது அந்த ரெண்டுதான். திங்கட்கிழமையிலிருந்து ஒரு சொட்டு வாயில் வைக்கவில்லை. நான் ஒன்று சொன்னால் செய்கிறவன். காப்பித்தூள் கடையில் மிஷின் ஓட்டுகிற நாறும்பூநாதன் காப்பியை விட்டுவிட்டான் என்று தெருவே சிரித்தது. சிரித்துத் தொலையட்டும் என்று விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை வலி வந்ததும் பேராச்சி, "காப்பி குடிக்காததுதான். எங்கய்யாவும் விரதம்னா தலையப் புடிச்சுக்கிட்டுதான் கெடப்பாரு" என்றாள். எனக்கும் அப்படி நம்பத்தான் ஆசை. ஆனால் ரெண்டு காப்பியை நிறுத்தினால் ஒன்றும் செய்யாது என்று டாக்டரே சொல்லிவிட்டாரே. அப்படியென்றால் இது வேறு. இந்த ஒரு யோசனையை வைத்துக்கொண்டு மூன்று ராத்திரி புரண்டேன். அவளிடம் அண்ணன் பேரை எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. ஆனால் புதன்கிழமையிலிருந்து எனக்குச் சோற்றைப் போட்டுவிட்டு எதிரிலேயே உட்கார்ந்து, கடைசிக் கவளம் இறங்குகிறவரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக எழுப்பினாள். "நல்லா சாரல் விழுது. ஐந்தருவியில அஞ்சு நிமிஷம் தலையக் காட்டிட்டு வாங்க. சூடெல்லாம் எறங்கிரும்."

போனேன். கூட்டமில்லை. தலையைக் கொடுத்ததுதான் தாமதம், உச்சியில் மடார் மடாரென்று இறங்கியது தண்ணீர். பக்கத்தில் நின்றவர்கள் கூச்சல் போட்டுச் சிரித்தார்கள். எனக்கோ, உள்ளே மெலிந்துபோன குழாய் ஒன்று இருந்தால் என்ன ஆகும் என்பது மட்டும்தான் ஓடியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து நின்ற ஒருவர், "என்ன அண்ணாச்சி, அதுக்குள்ளயா? குளுருதோ?" என்றார். ஆமாம் என்றேன். துண்டை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு டாக்டர் வருவார். ஸ்கேன் எழுதித் தரச் சொல்லிக் கேட்பது, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் எப்படியாவது தெரிந்துகொள்வது என்று முடிவு செய்திருந்தேன். பேராச்சி நேராகக் கடைக்கு வந்துவிடுவதாகச் சொன்னாள். அதுவரை வீட்டில் கிடந்து சுவரைப் பார்க்க முடியாது என்று நான் முன்னாலேயே கடைக்குப் போனேன்.

கடையில் பொட்டலம் போடுகிறவள் சண்முகசுந்தரி. எட்டு வருஷமாக ஒரு பொடி கீழே சிந்தாதவள். அன்றைக்குப் பார்த்தால் மேஜையெல்லாம் தூள்.

"ஏட்டி, கண்ண எங்கன வச்சுக்கிட்டு அள்ளுதே?"

"கை நடுங்குது அண்ணாச்சி. ராத்திரி பொட்டுத் தூக்கமில்ல. நெஞ்சு கெடந்து அடிக்கு. நானே ஆஸ்பத்திரிக்குப் போவமான்னுதான் இருக்கேன்."

"என்னைக்கிலேர்ந்து?"

"திங்கக்கெழமையிலேர்ந்துதான். ருசி பாக்குறதை எந்தலையில கட்டிட்டுப் போனியள்லா, அன்னையிலேர்ந்து."

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வறுவலுக்கும், ஒவ்வொரு சிக்கரிக் கலவைக்கும் பில்டரில் கொஞ்சம் இறக்கி, மிஷின்காரன் குடித்துப் பார்த்த பிறகுதான் பொட்டலம். பாலும் கிடையாது, சீனியும் கிடையாது. அரை தம்ளர் கறுப்பு டிக்காஷன். குற்றாலத்தில் சீசன் என்றால் வருகிறவர்கள் ஆளுக்கொரு பக்குவம் கேட்பார்கள். அப்படி இருபத்தாறு வருஷம் குடித்திருக்கிறேன். ஒருநாளும் அதைக் காப்பி என்று நினைத்ததில்லை. அது வேலை. தையல்காரன் நூல் முனையை வாயில் வைத்து நனைப்பதைச் சாப்பாட்டில் சேர்ப்பானா?

"ஒரு நாளைக்கு எத்தனை தம்ளர் குடிக்கே?"

"நீங்க குடிக்கதுதான். பத்து, பன்னெண்டு இருக்கும்."

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அப்படியென்றால் திங்கட்கிழமை நான் விட்டது ரெண்டு காப்பியை இல்லை, பதினாலை. பிறகு டாக்டருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். 

"இதை ஏன் அன்னைக்கே சொல்லலை?"

"நீங்க காப்பிதான கேட்டீய, சார்."

அவர் சிரிக்கவில்லை. இப்போது அரை தம்ளர் குடிக்கச் சொன்னார். காப்பி விட்டதுதான் காரணம் என்றால் ஒரு மணி நேரத்துக்குள் வலி இறங்கும் என்றார். அப்புறம் ஒரேயடியாக விடாமல் மூன்று நாலு நாளைக்கு ஒரு தம்ளராகக் குறைத்துக்கொண்டே வரவேண்டுமாம்.

"இறங்கலைன்னா?"

"உடனே ஸ்கேன் எடுப்போம். எப்படியானாலும் பதினோரு மணிக்கு வந்து என்னைப் பாத்துட்டுத்தான் போகணும்."

சண்முகசுந்தரி டிக்காஷன் இறக்கிக் கொடுத்தாள்.  இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக ருசி தெரியாமல் குடித்தேன். மணி ஒன்பது நாற்பது.

"இனிமே குடிக்காதே. நாக்குல வச்சுப் பாத்துட்டுத் துப்பிரு" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். சும்மா இருக்க முடியாமல் தராசை வைத்துக்கொண்டு எனக்கென்று ஒரு கலவை போட ஆரம்பித்தேன். சிக்கரி கூடக் கூடக் காப்பி குறையும்: இந்த வாரம் சிக்கரி கால் பங்கு, அடுத்த வாரம் பாதி, அதற்கடுத்த வாரம் முக்கால். மூன்றாவது பொட்டலத்தில் தேதி எழுதப் போன கை நின்றுவிட்டது. அந்தத் தேதிக்கு நான் இருப்பேனா என்று வந்துவிட்டது. தேதி எழுதாமலேயே நூலைக் கட்டினேன்.

பத்தேகாலுக்குப் பேராச்சி வந்தாள். எங்கள் ஊர் குத்துக்கல்வலசையிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாளாம். தூக்குவாளியில் எனக்கு இட்லி இருந்தது. நடந்ததையெல்லாம் சண்முகசுந்தரிதான் சொன்னாள். பேராச்சி என் எதிரில் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தாள். வாளியை மடியில் வைத்துக்கொண்டாள். திறக்கவில்லை. நான் சாப்பிடுவதைப் பார்க்கப் பயம் என்று எனக்குத் தெரியும்.

கடிகாரத்தில் பத்து நாற்பது ஆனது; டாக்டர் சொன்ன ஒரு மணி நேரம்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

கண்ணை மூடினேன். கழுத்தை அசைக்காமல் இடது பொட்டுக்குப் பின்னால் தேடினேன். மிஷின் சத்தம் கேட்டது. வாளியின் மூடிமேல் அவள் வளையல் பட்டுப் பட்டு ஆடுவது கேட்டது. காலையில் தேடியதும் அகப்பட்டது இப்போது அகப்படவில்லை. இன்னும் கொஞ்சம் உள்ளே போய்த் தேடினேன்.

"சொல்லுங்க" என்றாள்.

"இரு" என்றேன். கண்ணைத் திறக்காமல் தேடிக்கொண்டே இருந்தேன்.