ஆறரைக்கே கிளம்பிவிட்ட தைலம்மாள்

1

இந்தக் கதை வம்பில் பிறந்தது. செஞ்சியில் ஒருத்தி, ஊருக்குக் கிளம்பிவிட்டாள் என்பதற்காக, வாசலில் நின்றவளுக்கு அவள் வீட்டிலேயே காபி தரவில்லையாம். சொன்னவர் சரியான புளுகர். அதனாலேயே நம்பிவிட்டேன்.

முதல் வரி இப்படி எழுதினேன்: 'கோட்டையின் மேல் இளஞ்சூரியன் தன் பொற்கதிர்களை' — சீ, வேண்டாம். அவள் இன்னும் பல்கூட விளக்கவில்லை, சூரியன் எதற்கு?

2

1984, ஒரு திங்கட்கிழமை. தைலம்மாளுக்கு அவலூர்பேட்டைப் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் வேலை கிடைத்திருந்தது. அன்று பத்து மணிக்குள் போய்க் கையெழுத்துப் போடாவிட்டால் வேலை அடுத்தவளுக்கு. நேரத்துக்குப் போகிற பஸ் எட்டு மணிக்கு ஒன்றுதான். ஏழரையிலிருந்து ஒன்பது ராகு காலம்.

புருஷன் தனகோட்டி தினசரி காலண்டரை விட்டுக் கண்ணெடுக்காத ஆள். ஆறரைக்கு, நல்ல நேரத்தில், அவள் பையைக் கொண்டுபோய் அடுத்த வீட்டு மெஹர் பானுவிடம் வைத்தான். (இதற்குப் பரஸ்தானம் என்று பேர். பை வெளியே போனால் ஆளும் கிளம்பிவிட்டதாக அர்த்தம். பிறகு நிதானமாகப் போகலாம்.)

ஊரெல்லாம் இதோடு விட்டுவிடும். தனகோட்டி விடவில்லை. வாசல் பெருக்கிவிட்டு வந்தவளை நிலைப்படியில் மறித்தான்.

"நீ கிளம்பிட்ட. திரும்பி உள்ள வந்தா கிளம்புனது கேன்சல்."

"நான் இன்னும் குளிக்கவே இல்லீங்க."

"போற எடத்துல குளி."

அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. மனு மேல் மனுவாகப் போட்டு வாங்கிய வேலை. மெஹர் பானு வீட்டிலேயே குளித்து, பையிலிருந்த புடவையைக் கட்டி, அவள் வைத்த ஆப்பத்தையும் சாப்பிட்டாள்.

"அண்ணனுக்கு இன்னா ஆச்சு?" என்றாள் மெஹர் பானு.

"நான் ஊர்லயே இல்லியாம்."

3

(தனகோட்டி இவ்வளவு முட்டாளாக இருப்பானா என்று எனக்கே சந்தேகம். கொஞ்சம் புத்தி கொடுத்துப் பார்த்தேன். கதை நிலைப்படியிலேயே முடிந்துவிட்டது. பிடுங்கிக்கொண்டேன்.)

பஸ் ஸ்டாண்டில் தைலம்மாள் படியில் கால் வைத்தபோது தனகோட்டி மூச்சிரைக்க ஓடிவந்து கம்பியைப் பிடித்து மறித்தான்.

"ஆறரைக்குக் கிளம்புனது நீன்னா, இப்ப ராகு காலத்துல ஏர்றது யாரு? பையை ஏத்திவுடு, அது போவட்டும். நீ ஒம்போதுக்கு மேல வா."

"பை போய்க் கையெழுத்துப் போடுமா?"

அவன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான்.

4

முடிவு ஒன்று: பை போனது. தலைமையாசிரியை அதையே வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். அரட்டையில்லை, லீவு கேட்பதில்லை... [அடித்துவிட்டேன். தைலம்மாளுக்கு என்ன லாபம்?]

முடிவு இரண்டு: தனகோட்டி திருந்தினான். [யார் நம்புவது?]

முடிவு மூன்று: தைலம்மாள் அவன் கையை—

இங்கே நிறுத்தினேன். நல்ல நேரம் வரட்டும், எழுதலாம் என்று பேனாவை மூடினேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்க வீட்டுலயும் காலண்டர் மாட்டியிருக்குதா?" என்றாள்.

வெட்கமாகப் போய்விட்டது. அதற்குள் அவளே அவன் விரல்களை ஒவ்வொன்றாகக் கம்பியிலிருந்து பிரித்துவிட்டு, உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறார். ஊதவேண்டியது நீங்கள்தான். இதைப் படிக்கிறபோது உங்களுக்கு என்ன நேரமோ, நல்லதோ கெட்டதோ, எனக்குத் தெரியாது. எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வராதீர்கள். அவள் பத்து மணிக்குள் போகணும்.