அழகுக்குப் போட்ட கோடு

குழல்வாய்மொழி கோபமாக வருகிறாள் என்று தெரிந்தால் கடையம் வட்டாரத்து எருமைகளே பயந்துபோய்ப் பாலைக் கெட்டியாகச் சுரக்கும். கடையத்துக்குப் பக்கத்தில் ஒரு பால் சொசைட்டியில் அவள் பால் பரிசோதிக்கிறவள். லாக்டோமீட்டர் போட்டுப் பார்ப்பதெல்லாம் நோட்டில் எழுதுவதற்குத்தான். அவளுக்குக் கட்டைவிரல் நகமே போதும். நகத்தில் ஒரு சொட்டு வைப்பாள். சொட்டு அசையாமல் நின்றால் கொண்டுவந்தவன் தப்பித்தான். வழிந்து ஓடினால் அன்றைக்கு அவன் வாங்குகிற வசவில் அவன் வீட்டுக் கிணறு வற்றிவிடும். பதினொரு வருஷத்தில் அவளை ஏமாற்றித் தண்ணீர்ப் பால் ஊற்றியவன் ஒருத்தனும் இல்லை. அந்தப் பெருமையை அவளும் சும்மா வைத்திருக்கவில்லை, பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்பேர்ப்பட்ட குழலிக்கு ஒரே பிரசவத்தில் இரண்டு பிள்ளைகள். மூத்தவன் புவனேஷ், நாலு நிமிஷத்துக்கு இளையவள் அபர்ணா. தாய்ப்பால் இரண்டு பேருக்கும் போதவில்லை. மாவுப்பாலும் சேர்த்துக் கொடுங்கள் என்றார் டாக்டரம்மா. பாலாடையில் புகட்டினால் நல்லது, பாட்டில்தான் என்றால் ஒவ்வொரு தடவையும் கொதிக்க வைக்க வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார். பாலாடையில் ஒன்றுக்குப் புகட்டி முடிப்பதற்குள் இன்னொன்று மேலகரத்து வீட்டில் போடுகிற சத்தத்துக்குப் பக்கத்துத் தென்காசிக் கோபுரத்துப் புறாக்கள் கேரளாவுக்குப் பறந்துவிடும் போலிருந்தது. ஆகவே பாட்டில் என்று முடிவாயிற்று.

முடிவானதும் பிடித்தது சண்டை. ஆளாளுக்கு ஒரு பாட்டிலோடு வந்தார்கள். கடையநல்லூர்க் கூட்டாளி ஒருவர் துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்ததில் ஏழு பாகம் இருந்தது. வயிற்றில் காற்று சேராதாம். இரண்டு பிள்ளைக்கும் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை, தடவைக்கு ஏழு பாகம் என்று கழுவித் துடைத்து மாட்டி முடிப்பதற்குள் பிள்ளைகளுக்குக் கல்யாண வயசு வந்துவிடும். குழலியின் அம்மா வீட்டிலிருந்து வந்த கண்ணாடி பாட்டில் நல்ல பாட்டில்தான். வெந்நீரிலிருந்து எடுத்துப் பச்சைத் தண்ணீரில் வைத்ததும் படீரென்று இரண்டாகிவிட்டது. மாமியார் முத்துவடிவு எவர்சில்வர்தான் என்று ஒற்றைக்காலில் நின்றாள். உள்ளே பால் கிடக்கிறதா பல்லி கிடக்கிறதா என்று எப்படித் தெரியும் என்று குழலி கேட்க, இரண்டு பேரும் மூன்று நாள் பேசவில்லை.

இந்த யுத்தத்துக்கு நடுவில்தான், செங்கோட்டை மரக்கடையில் வேலை பார்க்கிற கணவன் குமரகுரு, சீசன் தொடங்கிய வாரத்தில் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனவன், ஈரத் துண்டோடு இரண்டு பாட்டில்கள் வாங்கிக்கொண்டு வந்தான். ஒன்றில் நீல யானைப் படம். மற்றதில் ரோஸ் வாத்து. குழலி யாரையும் நம்புகிறவள் இல்லை. மூக்கில் வைத்து மோந்தாள், பிளாஸ்டிக் நாற்றம் இல்லை. அரை மணி நேரம் கொதிக்க வைத்தாள், நெளியவில்லை. வாய் அகலம், பிரஷ் அடிவரைக்கும் போயிற்று. மூன்றே பாகம். யானை அவனுக்கு, வாத்து இவளுக்கு என்று குழப்பமும் இல்லை. ஆயுசில் முதல் தடவையாக மாமியாரும் மருமகளும் ஒரு பொருளைப் பார்த்து ஒன்றாகத் தலையாட்டினார்கள். அந்த அதிசயத்துக்குக் குற்றாலத்தில் சாரல் ஒரு நிமிஷம் நின்றிருக்கும்.

லீவு முடிந்து குழலி சொசைட்டிக்குத் திரும்பினாள். காலையும் சாயங்காலமும் அவள் பால் கலந்தாள், பகலெல்லாம் முத்துவடிவு. புவனேஷ் பூசணிக்காய் மாதிரி உருண்டான். அபர்ணா ஏறவேயில்லை. பாட்டிலில் முக்கால்வாசி குடித்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி அழுவாள். குடித்ததெல்லாம் எங்கே போகிறது என்பதற்கு வீட்டுக் கொடிக்கயிறே சாட்சி: அவன் ஒரு துணி நனைத்தால் இவள் மூன்று நனைத்தாள். குமரகுரு அவளுக்கு ஐந்தருவி என்று பேர் வைத்தான். எல்லாரும் சிரித்தார்கள். குழலியும்தான் சிரித்தாள்.

அஞ்சாம் மாசம் தராசில் அவன் ஆறரை கிலோ, இவள் அஞ்சுகூட இல்லை. எப்படிக் கலக்குகிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். நூற்றிருபது மில்லி தண்ணீருக்கு நாலு கரண்டி மாவு என்றாள் குழலி. அளவு சரிதான் என்று யோசித்தவர், பத்து நாள் பார்ப்போம், ஏறாவிட்டால் திருநெல்வேலியில் சேர்த்து எல்லாப் பரிசோதனையும் செய்துவிடலாம் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டைக் குழலி சாமி படத்துக்கு அடியில் வைத்தாள். வைத்த நாளிலிருந்து கண்ணில் பட்டதன்மேல் எல்லாம் எரிந்து விழுந்தாள். சொசைட்டியில் அந்த வாரம் நல்ல பால் கொண்டுவந்தவர்களும் திட்டு வாங்கினார்கள்.

சீட்டு எழுதிய நாலாவது நாள், சொசைட்டிக்குப் புதிதாக ஓர் அளவு ஜாடி வாங்குவதற்காக அவளைத் தென்காசிக்கு அனுப்பினார்கள். வாங்கிக்கொண்டு அப்படியே வீட்டில் எட்டிப் பார்த்தாள். நடு மத்தியானம். பிள்ளைகள் இரண்டும் பாயில் கிடந்தன. பக்கத்தில் யானை காலி. வாத்தில் மிச்சம் இருந்தது. கையில் எடுத்தவள், வேலைப் பழக்கத்தில், ஒரு சொட்டை நகத்தில் வைத்தாள்.

சொட்டு நிற்கவில்லை. மணிக்கட்டு வரைக்கும் ஓடியது.

யானையின் அடியில் ஒட்டியிருந்ததைத் தட்டி இன்னொரு நகத்தில் வைத்தாள். அது நின்றது.

அடுப்படியில் இருந்த முத்துவடிவு திரும்பிப் பார்த்தபோது வாசலில் நின்றது மருமகள் இல்லை, ஒரு கொள்ளிக்கட்டை.

“அத்தை, இதுல எவ்வளவு தண்ணி ஊத்துனீங்க?”

“கோடு வரைக்கும்.”

“எந்தக் கோடு? பாட்டில்ல உள்ளதா, உங்க மனசுல உள்ளதா?”

“என்னட்டி பேசுத?”

“அவனுக்குக் கெட்டிப் பால், பொட்டப்புள்ளைக்குத் தண்ணிப் பால். நகத்துல நிக்கல. சொசைட்டிக்கு இந்தப் பால் வந்திருந்தா ரோட்டுல கொட்டச் சொல்லிருப்பேன். இதைப் போயி எம் பிள்ளை வாயில ஊத்தியிருக்கீங்க.”

அது போதாதென்று, மாவு மிச்சம் பிடித்தீர்களோ, பேரன் மட்டும் போதும் என்று நினைத்தீர்களோ என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டாள். பதினொரு வருஷம் பால்காரர்கள்மேல் தீட்டிய வாய். ஒரு வார்த்தையும் குறி தப்பவில்லை. தெருவில் மீன் விற்க வந்தவர் கூவுவதை நிறுத்திவிட்டு வண்டியை ஓரங்கட்டி நின்றார்.

முத்துவடிவு பதிலுக்குக் கத்துவாள் என்று தெரு முழுக்கக் காத்திருந்தது. அவள் கத்தவில்லை. முந்தானையில் கையைத் துடைத்தாள்.

“நான் மூணு பொட்டப்புள்ள பெத்தவ. ஒருத்திக்கும் தண்ணி ஊத்தி வளக்கல. வா, உன் கண்ணு முன்னாலயே கலக்குதேன்.”

பாட்டிலைக் கொதிக்க வைத்தாள். ஆறவைத்த வெந்நீரை வாத்தில் ஊற்றி, நூற்றிருபது கோட்டுக்குச் சரியாக நிறுத்தினாள். மாவைக் கரண்டியில் எடுத்து, கத்தியின் பின்பக்கத்தால் தலைதட்டி, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று போட்டாள். குலுக்கினாள். மருமகளின் கையைப் பிடித்து இழுத்து நகத்தில் ஒரு சொட்டு விட்டாள்.

சொட்டு ஓடியது.

“காலையில நீ கலக்குனியே, அது எந்தக் கோடுட்டி?” என்று கேட்டாள் முத்துவடிவு.

குழலிக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. காலையிலும் சாயங்காலமும் கலந்தவள் அவளேதான். பையிலிருந்த புது ஜாடியை எடுத்துக் கழுவினாள். வாத்தை அலசி, நூற்றிருபது கோடு வரை தண்ணீர் பிடித்து, ஜாடியில் கவிழ்த்தாள். நூற்று எழுபத்தைந்து. நம்பாமல் மறுபடி ஊற்றினாள். அதே நூற்று எழுபத்தைந்து. யானையை அளந்தாள், நூற்றிருபத்திரண்டு. யானை நேர் உடம்புக்காரன். வாத்துக்கோ அடியில் தொப்பை. நேர் பாட்டிலுக்கு உண்டான கோட்டை, ஒரே இடைவெளியில், தொப்பை மேல் அச்சடித்துவிட்டிருந்தான் செய்தவன். நாலு கரண்டி மாவு அத்தனை தண்ணீரில் கரைந்து, பிள்ளை தண்ணீரிலேயே வயிறு நிறைந்து முகத்தைத் திருப்பியிருக்கிறாள். ஐந்தருவி வந்த வழி அதுதான். மோந்து பார்த்தாள், கொதிக்க வைத்துப் பார்த்தாள், கோட்டை அளந்து பார்க்கவில்லை. ஊர்ப் பாலையெல்லாம் பிடித்தவளின் வீட்டிலேயே மூன்று மாசமாகத் தண்ணீர்ப் பால் ஓடியிருக்கிறது.

கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் நின்றாள். முத்துவடிவு அதற்குள் யானையைக் கொதிக்க வைத்து, சரியான அளவில் கலந்து, அபர்ணாவை மடியில் போட்டுக்கொண்டாள். பிள்ளை முகத்தைத் திருப்பவில்லை. அடிச்சொட்டு வரைக்கும் உறிஞ்சி, காற்றையும் உறிஞ்சி, காலி பாட்டிலை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டது. அதைப் பார்க்க முடியாமல் குழலி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஏப்பம் எடுத்து முடிந்ததும் முத்துவடிவு ஒரே வார்த்தைதான் சொன்னாள்.

“கெளம்பு.”

குற்றாலத்துக்கு ஆட்டோ பிடித்தார்கள். ஆளுக்கொரு பிள்ளை, நடுவில் ஜாடி. சாரல் முகத்தில் அடித்தது. குழலியின் முகத்தில் பட்ட துளி ஆவியாகப் போனதை ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்திருப்பார்.

குமரகுருவுக்குப் பாட்டில் விற்ற பிச்சைமணியின் கடை அருவிக்குப் போகிற வழியில் இருந்தது. பந்து, தொப்பி, பிளாஸ்டிக் துப்பாக்கி, இவற்றுக்கு நடுவே கயிற்றில் ஏழு ரோஸ் வாத்து தொங்கின. குழலி ஜாடியைப் பலகைமேல் வைத்து, நடந்ததை நடந்தபடி சொன்னாள். பிச்சைமணி சிரித்த முகம் மாறாமல் கேட்டான்.

“அக்கா, அது சும்மா அழகுக்குப் போட்ட கோடு. அதைப் போயி அளவுன்னு எடுத்துக்கிட்டீங்களே.”

அதற்கப்புறம் நடந்ததை அருவியில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் தண்ணீர்ச் சத்தத்தையும் மீறிக் கேட்டார்களாம். அழகுக்குப் போட்டதென்றால் எண் எதற்கு என்று கேட்டாள் குழலி. எண்ணுக்குப் பக்கத்தில் மில்லி எதற்கு என்று கேட்டாள். ஏழு வாத்தையும் கயிற்றிலிருந்து அறுத்து, ஒவ்வொன்றிலும் கோடு வரை தண்ணீர் பிடித்து, எல்லாரும் பார்க்க ஜாடியில் கவிழ்த்தாள். நூற்று எழுபது, நூற்று எண்பது, நூற்று அறுபத்தஞ்சு. ஒரு வாத்தும் இன்னொரு வாத்தோடு ஒத்துப்போகவில்லை. எண்ணெய் வழிகிற தலையோடு நூறு பேர் வளைத்து நின்று, ஒவ்வொரு அளவுக்கும் ஏலம் போல ஒரு சத்தம் கொடுத்தார்கள்.

பிச்சைமணிக்கு இப்போதுதான் வியர்த்தது. எங்கேயோ வார்த்துக் கட்டுக்கட்டாக வருகிற சரக்கு, தனக்கு ஒன்றும் தெரியாது என்றான். பாட்டிலை வேண்டுமானால் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றான்.

அதுவரைக்கும் அபர்ணாவைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த முத்துவடிவு முன்னால் வந்தாள்.

“இந்தக் கோட்டை நம்பி எம் மருமவ என்னப் பாத்து ஒரு கேள்வி கேட்டா. நாலு பேரு கேக்க, எங்க வீட்டுக்குள்ள வச்சுக் கேட்டா. பாட்டில திருப்பி எடுத்துக்கிடுவ. அந்தக் கேள்விய எடுத்துக்கிடுவியாலே?”

பிச்சைமணி குனிந்துகொண்டான். குழலியும் குனிந்துகொண்டாள். பிறகு கடையிலிருந்த அட்டைப் பெட்டியைக் கிழித்து, சொசைட்டியில் எழுதுகிற கொட்டை எழுத்தில் ‘பால் ஊத்த ஆகாது’ என்று ஏழு துண்டு எழுதி, ஏழு வாத்தின் கழுத்திலும் அவன் கையாலேயே கட்ட வைத்தாள்.

திரும்புகிற வழியில் தென்காசி மருந்துக்கடையில், ஒரு படமும் இல்லாத, நேர் உடம்புள்ள, அகல வாய்ப் பாட்டில் இரண்டு பார்த்தார்கள். கடைக்காரர் முழிக்க முழிக்க அங்கேயே அளந்து, சரியாக இருந்த பிறகுதான் குழலி பையில் போட்டாள். ஒன்றின் கழுத்தில் மட்டும் சிவப்பு ரப்பர் வளையம். அவ்வளவுதான் அடையாளம்.

பத்தாம் நாள் தராசில் அபர்ணா கால் கிலோ ஏறியிருந்தாள். திருநெல்வேலிச் சீட்டை டாக்டரம்மா வாங்கிக் கிழித்துப் போட்டார். கொடிக்கயிற்றில் துணி பாதியாகக் குறைந்தது. ஆனால் குழலி கேட்ட கேள்வி அந்த வீட்டை விட்டுப் போகவில்லை. தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று அவள் ஒரு தடவை வாயைத் திறந்தபோது முத்துவடிவு மிக்சியைப் போட்டுவிட்டாள். அதற்குப் பதிலாக வேறு தண்டனை வைத்திருந்தாள். குழலி வீட்டில் இருக்கிற நேரமெல்லாம், சிவப்பு வளையப் பாட்டிலில் தண்ணீர் ஊற்றியதும், மாவு போடுவதற்கு முன்னால், கூப்பிடுவாள்.

“ஏட்டி சொசைட்டி, வந்து கோட்டைப் பாரு.”

குளித்துக்கொண்டிருந்தாலும் சரி, சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் சரி, குழலி வருவாள். கண்ணைக் கோட்டுக்கு நேராக வைத்துக் குனிந்து பார்ப்பாள். “சரியா இருக்கு அத்தை” என்பாள். கோபம் மூக்குவரை வரும், அங்கேயே நிறுத்திக்கொள்வாள்.

ஒருநாள் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் வாசலில் நின்றபடியே, பார்க்காமல், சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். முத்துவடிவு அவ்வளவு தண்ணீரையும் தொட்டியில் கொட்டினாள். புதிதாக ஊற்றினாள்.

“குனிஞ்சு பாத்துச் சொல்லு” என்றாள்.