இடித்துக் கொடுத்த குளிசை

ஹாஷிமுக்கு மருந்துக் குளிசை விழுங்க வராது. புறக்கோட்டையில் வருடக்கணக்காகத் துணி வியாபாரம் செய்து, எத்தனையோ பேரோடு பேரம் பேசி வென்றவர். ஒருநாள் கடையில் வைத்துக் காய்ச்சல் குளிசையொன்று தொண்டையில் சிக்கிக்கொண்டது. மூச்சு முட்டிக் கண் பிதுங்கியது. வேலையாட்கள் முதுகில் அடித்துத்தான் காப்பாற்றினார்கள். அன்றிலிருந்து எலும்போடு இறைச்சி இறங்கும், குளிசையைக் கண்டால் மட்டும் தொண்டை மூடிக்கொள்ளும். இதை மனைவி றலியாவைத் தவிர யாருக்கும் அவர் சொல்லவில்லை. இந்த வயதில் குளிசைக்குப் பயம் என்று எப்படிச் சொல்வது?

பிரஷர் இருக்கிறதென்று கொட்டாஞ்சேனையில் டிஸ்பென்சரி வைத்திருக்கும் டொக்டர் ஜெகதீஸ்வரி காலையில் போட ஒரு குளிசை எழுதிக் கொடுத்தபோதும், ஹாஷிம் தலையாட்டிவிட்டு வந்தார். றலியாதான் வழி கண்டுபிடித்தாள். இஞ்சி இடிக்கிற சின்ன உரலில் குளிசையைப் பொடியாக்கி, இனிப்பான கித்துள் பாணியில் குழைத்து, மகள் ஸும்றா குளிக்கப் போகும் நேரம் பார்த்து அவருக்கு ஊட்டினாள். வயிற்றுக்குள் போனால் எல்லாம் ஒன்றுதானே என்று நினைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் அவர் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், தலை சுற்றும்.

"மருந்து புடிக்குது. கொஞ்சம் சாஞ்சி இரிங்க" என்பாள் றலியா. அவரும் சாய்ந்துகொள்வார்.

ஒரு வெள்ளிக்கிழமை குளிசை எடுக்கவே முற்பகலாகிவிட்டது, அவர் சாயவில்லை. ஜும்ஆத் தொழுகைக்குப் பிந்திவிடுமென்று நேரே குளியலறைக்குப் போனார். விழுந்த சத்தம் கேட்டு ஸும்றா ஓடினாள். வாளி விளிம்பில் புருவம் கிழிந்து, வாப்பா சுவரோடு மடங்கிக் கிடந்தார்.

டொக்டர் புருவத்துக்குத் தையல் போட்டார். பிரஷரை ஒரு தரம் பார்த்துவிட்டு, நம்பாமல் மறுபடியும் பார்த்தார்.

"இவ்வளவுக்கு இறங்கியிருக்கக் கூடாது. தவறி ரெண்டு குளிசை போட்டிட்டாரோ?"

ஸும்றா தாயைத் திரும்பிப் பார்த்தாள். ஹாஷிம் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் மகளுக்கும் மருமகன் அர்ஷாத்துக்கும் முன்னால் இவர் எப்படித் தலை நிமிருவார் என்பதுதான் றலியாவுக்கு முதலில் தோன்றியது.

"மறந்து போய் ரெண்டு தரம் குடுத்திருப்பன்" என்றாள்.

"உம்மா! வாப்பாட உசிரோட வெளையாடுறீங்களா?" ஸும்றாவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "இனி நீங்க மருந்துல கை வெக்க வேணாம்."

இரண்டு நாள் விட்டு, பிறகு ஒன்று மட்டும் கொடுக்கும்படி சொன்னார் டொக்டர். அந்த முதல் காலையில் ஸும்றா முழுக் குளிசையையும் தண்ணீரையும் நீட்டிவிட்டு எதிரில் நின்றாள். ஹாஷிம் வாயில் போட்டார், தண்ணீர் குடித்தார். அவள் போனதும் கன்னத்துக்குள் ஒதுக்கியிருந்ததைக் கையில் துப்பினார். ஓரம் கரைந்து ஈரமாக இருந்தது.

அதை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். றலியா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மகள் அவளோடு சரியாகக் கதைத்து மூன்று நாளாகிறது. பேரப்பிள்ளைக்குப் பால் கரைக்கப் போனாலும், "நான் செய்றன் உம்மா" என்று கையிலிருந்து வாங்கிவிடுகிறாள்.

"தாங்க, இடிச்சித் தாரன்" என்று றலியா கையை நீட்டினாள். அவள் கண்கள் வீங்கியிருந்தன. அது வெங்காயத்தால் வந்த வீக்கமில்லை என்று அவருக்குத் தெரிந்தது.

ஹாஷிம் குளிசையைக் கொடுக்கவில்லை. முன்அறைக்குப் போய் மகளைக் கூப்பிட்டார்.

"எனக்குக் குளிசை முழுங்க ஏலா மகள். பயம். உம்மாதான் இடிச்சித் தந்த. ரெண்டு ஒண்டும் தரல்ல. எனக்காகத்தான் பொய் சொன்ன."

ஸும்றா அவர் கையிலிருந்த ஈரக் குளிசையைப் பார்த்தாள். பிறகு, "வாங்க, டொக்டர்ட்ட போவம். உம்மாவும் வாங்க" என்றாள்.

டொக்டர் ஜெகதீஸ்வரி எல்லாவற்றையும் கேட்டார். பேனையை மேசையில் வைத்தார்.

"அம்மா, இந்தக் குளிசை வயித்துக்க போய், ஒரு நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக் கரையிற மாதிரிச் செய்தது. இடிச்சா அவ்வளவும் ஒரேயடியா உடம்பில ஏறிடும். அதுதான் முகம் சிவந்தது, அதுதான் விழுந்தவர்."

றலியாவின் முகம் வெளுத்தது. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். "நான் சும்மா பொய்க்குத்தான் சொன்னன், என்ட கையால வந்ததெண்டு. உண்மையிலயே என்ட கையாலதானா வந்திரிக்கி?"

ஹாஷிம் அவள் பக்கம் கதிரையை இழுத்துப் போட்டார். "நான் வாயத் தொறந்து சொல்லியிருந்தா நீ ஏன் புள்ள இடிக்கப் போற?"

"நானும் கேட்டிருக்க வேணும்" என்றார் டொக்டர். "மருந்து ஒழுங்காப் போடுறாரோ எண்டு கேட்டனே தவிர, எப்பிடிப் போடுறனீங்கள் எண்டு கேக்கேல்ல. குளிசை முழுங்கேலாத ஆக்கள் எத்தனை பேர் வருகினம், ஐயா. இதில வெக்கப்பட ஒண்டுமில்லை. இடிக்கக்கூடிய வேற குளிசை இருக்கு, அதை எழுதுறன். ஆனா எல்லாத்தையும் இடிக்கேலாது. புதுசா எது தந்தாலும் கேட்டுப்போட்டுச் செய்யுங்கோ."

புதிய குளிசை ஹாஷிமுக்கு ஒத்துக்கொண்டது. தலைசுற்றல் போனது. சில வாரங்களில் பிரஷரும் கட்டுக்குள் வந்தது. புருவத் தழும்பு மட்டும் நின்றுவிட்டது.

உண்மை வெளிவந்த அன்று டிஸ்பென்சரியிலிருந்து திரும்பும்போது மூவரும் ஒரே ஓட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு வந்தார்கள். ஸும்றா நடுவில் இருந்தாள். கொஞ்ச தூரம் போனதும் தாயின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"மன்னிச்சிக்கோங்க உம்மா. நான் கேக்காமலே ஏசிட்டன்."

றலியா மகளின் கையை இறுக்கிக்கொண்டாள்.

"மகள்" என்றார் ஹாஷிம், தெருவைப் பார்த்தபடி. "அர்ஷாத்துக்கு இதெல்லாம் சொல்ல வேணாம், என்ன?"

ஸும்றாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வாப்பா, ஒங்கட மருமகன் பல் புடுங்கப் போன அண்டைக்கி ஊசியக் கண்டு கதிரையிலேயே மயங்கி விழுந்தவர். அத ஒங்கள்ட்ட சொல்ல வேணாமெண்டு என்னட்ட சத்தியம் வாங்கியிரிக்கார்."