என் அண்ணிதான் அந்த விண்கலம்

ஒக்னியென் அழைத்தபோது என் அண்ணி ரத்மிலா பால்கனியில் உட்கார்ந்து குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து தோலுரித்துக்கொண்டிருந்தேன். குளிர்காலத்துக்கான ஐவார் என்னும் மிளகாய்த் துவையலைக் கிண்டும் வேலை. செப்டம்பர் வந்துவிட்டால் நோவி சாத் நகரமே மிளகாய்ப் புகையில்தான் மூச்சுவிடும்.

கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கியபடி, "ஆமாப்பா, வரேன்ப்பா, சந்தோஷமா வரேன்" என்றாள் அண்ணி. வைத்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"வெரிட்சா, சனிக்கிழமை கேம் கண்காட்சியில என்னை மேடையில உக்கார வெக்கப் போறானாம். ஜனங்க கேள்வி கேப்பாங்களாம்."

"நல்லதுதானே அண்ணி?"

"என்னடி நல்லது? நான் அந்த கேமைப் பாத்ததே இல்ல!"

அண்ணி வானொலி நாடகங்களில் நடித்தே பெயர் வாங்கியவள். சென்ற வசந்த காலத்தில், எங்கள் ஊரில் ஒக்னியெனும் அவன் நண்பர்கள் சிலரும் சேர்ந்து செய்த கணினி விளையாட்டுக்குக் குரல் கொடுத்தாள். கதாபாத்திரம் மனுஷி அல்ல, விண்கலம். லாஸ்தா என்று பெயர். ஆட்டத்தின் பெயர் 'எட்டாக் கரை'. அலமாரி அளவுள்ள ஓர் ஒலிப்பதிவு அறையில் அவளை நிற்கவைத்து, வசனங்களை முன்னும் பின்னுமாகக் கொடுத்தார்கள். ஒருநாள் 'எரிபொருள் கசியுது' என்பாள், மறுநாள் 'வணக்கம், நான்தான் லாஸ்தா' என்பாள். கதை என்னவென்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஆட்டம் வெளிவந்ததும் ஒரு பிரதியைக் கையில் கொடுத்தார்கள். அதைத் தொலைக்காட்சிக்கு அடியில் செருகியவள்தான், மறந்துபோனாள்.

"கேம்னா டப்பு டப்புன்னு சுட்டுக்கிட்டே இருப்பாங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

"இது சுடற கேம் இல்ல அண்ணி, புதிர் கேம். எங்க மருந்துக்கடைக்கு வர்ற பசங்க பேசிக்கிட்டாங்க."

புதிர் என்ற வார்த்தையைச் சொல்லும்போதே எனக்கு விரல் அரித்தது. கடையில் கூட்டமில்லாத நேரத்தில் எண்புதிரும் குறுக்கெழுத்தும் போட்டே காலம் தள்ளுகிறவள் நான். அண்ணன் ஸ்தோயான் சரக்குப் படகோடு தனூப் ஆற்றில் எங்கோ போய்க்கொண்டிருந்தான். வீட்டில் கேட்க ஆளில்லை. மிளகாயை அப்படியே மூடிவைத்துவிட்டு, மறந்துகிடந்த பிரதியை அண்ணனின் கேம் பெட்டியில் போட்டு, இருவரும் தொலைக்காட்சிக்கு முன்னால் போய் உட்கார்ந்தோம்.

திரை இருட்டாக இருந்தது. மெல்ல ஒரு சிறு விளக்கு எரிந்தது. அதன்பின் அண்ணியின் குரல், ஆனால் நான் கேட்டே இராத ஒரு மெதுவில்: "முழிச்சுட்டியா? எவ்வளவு நாளா தனியாவே பேசிக்கிட்டு இருக்கேன், தெரியுமா?"

அண்ணி என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். "அடியே, அது நான்தாண்டி!"

ஆட்டத்தில் நாங்கள் ஒரு பழுதுபார்ப்பவர். லாஸ்தாவில் ஏறி, ஒரு சுரங்கக் குடியிருப்பிலிருந்து காணாமல்போன மக்களைத் தேடிப் போகிறோம். போகிற நிலாவில் எல்லாம் ஆளில்லாத வீடுகள், அணைந்துபோன அடுப்புகள். ஒவ்வொரு கதவையும் ஒரு புதிர் காத்து நிற்கிறது. கண்ணாடிகளைத் திருப்பி வெளிச்சத்தை ஒரு துளைக்குள் அனுப்ப வேண்டும். எடையே இல்லாத அறையில் மிதக்கும் தண்ணீரைக் குழாய்க்குள் துரத்த வேண்டும். முதல் கதவு என் கையால் திறந்தபோது நான் நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டேன். சொல்லித்தராமல் சொல்லித்தருகிற புதிர்கள் அவை. ஒன்றில் கற்றதை அடுத்ததில் தலைகீழாக்கிக் கேட்டார்கள். இதைச் செய்த மூளைக்கு முத்தம் கொடுக்கலாம் என்று தோன்றியது.

அண்ணி புதிர்களைக் கண்டுகொள்ளவே இல்லை. அவள் திரையில் தெரிந்த சுவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நில்லு நில்லு. அந்தக் கதவு நிலைகிட்ட போ. அதென்ன கோடு?"

பென்சில் கோடுகள். ஒரு குழந்தையின் உயரத்தை யாரோ குறித்துவைத்திருந்தார்கள். அடுத்த நிலாவிலும் ஒரு கதவு நிலையில் கோடுகள், இன்னும் கொஞ்சம் உயரத்தில். அதற்கடுத்த நிலாவில் அதையும் தாண்டி. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆனால் அந்த மக்கள் ஓடிக்கொண்டே ஒரு பிள்ளையை வளர்த்திருக்கிறார்கள் என்று எங்களுக்குப் புரிந்தது. அண்ணி மிளகாய்க் கரி ஒட்டிய கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் குளியலறைக்கு ஓடி முகத்தைக் கழுவவேண்டியதாயிற்று.

"இந்தக் கதைய எனக்குச் சொல்லாம வாசிக்க வெச்சிருக்கான் பாரு, அந்தப் பாவி!" என்று குழாயடியில் இருந்தே கத்தினாள். "தெரிஞ்சிருந்தா இன்னும் நல்லாப் பேசியிருப்பேனே!"

அன்றிலிருந்து கடை முடிந்ததும் நேராக அண்ணி வீடுதான். குறைகள் இல்லாமல் இல்லை. ஒரு நிலாவிலிருந்து இன்னொன்றுக்குப் பறக்கும்போது செய்வதற்கு ஒன்றும் கிடையாது. முதல் தடவை நட்சத்திரங்களைப் பார்த்து வாய்பிளந்தோம். பிறகு அந்த நேரத்தில் தக்காளி சாலட் நறுக்கினோம், ஒருநாள் திரைச்சீலையையே கழற்றித் துவைக்கப் போட்டோம். அதைவிடப் பெரிய குறை லாஸ்தாதான். புதிரில் கொஞ்சம் தயங்கி நின்றால் போதும், "சுத்திப் பாரு" என்பாள். யோசித்தால், "சுத்திப் பாரு." சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, "சுத்திப் பாரு."

"வாய மூடுடி!" என்று அண்ணி தன் குரலைப் பார்த்தே கத்தினாள். "பாத்துக்கிட்டுத்தானே இருக்கோம்!"

"அண்ணனுக்கு எப்படி இருக்கும்னு இப்பப் புரியுதா அண்ணி?"

கையிலிருந்த துணி என் முகத்தின்மேல் வந்து விழுந்தது.

பனி நிலாவில்தான் மாட்டிக்கொண்டோம். கூரையில் வட்டமாகத் திறப்பு வைத்த ஒரு பெரிய கூடம். அதன் கோடியில் பூட்டிய கதவு, பக்கத்தில் வெவ்வேறு உயரத்தில் ஐந்து உலோகக் குழாய்கள். தட்டினால் ஆளுக்கொரு சுரம் பாடும். எந்த வரிசையில் தட்டுவது என்பதுதான் கேள்வி. நாங்கள் கூடத்துக்குள் நுழைந்த அதே கணத்தில் அடுப்பில் காபி பொங்கிவிட்டது. இருவரும் எழுந்து ஓடினோம். பின்னால் லாஸ்தா ஏதோ ஒரு மெட்டை முணுமுணுப்பது காதில் விழுந்தது. திரும்பி வந்தபோது முடிந்திருந்தது. கலத்துக்குப் போய் மறுபடி வந்து பார்த்தோம், முணுமுணுக்கவில்லை. வேண்டாத பேச்சை நூறு தடவை சொல்கிறவள் வேண்டியதை ஒரே தடவைதான் சொல்வாளாம்!

"கவலைய விடு" என்றாள் அண்ணி. "அதப் பாடினவ நான்தானே? எனக்கு ஞாபகம் இருக்கு."

"சொல்லாதீங்க!"

"ஏண்டி?"

"நீங்க சொல்லி நான் தொறந்தா அது என்ன புதிர்? நானே கண்டுபிடிக்கிறேன்."

"எனக்கு அந்தப் பிள்ளை என்ன ஆச்சுன்னு தெரியணும். நீ ஒரு கதவுகூட உக்காந்து மல்லுக்கட்டிக்கிட்டு இருக்க!"

"அப்படின்னா உங்களுக்குக் கதைப் புத்தகம் போதுமே, கேம் எதுக்கு?"

"உனக்கு எண்புதிர் போதுமே, எதுக்கு எங்க வீட்டு சோபாவைத் தேய்க்கிற?"

நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். பேருந்தில் போகும்போது கோபம் வரவில்லை, குழாய்கள்தான் வந்தன. நெட்டை, குட்டை, நடுத்தரம். மறுநாள் கடையில் இருமல் மருந்து கேட்டவரிடம் வயிற்றுவலி மருந்தை எடுத்து நீட்டினேன்.

மதியம் அண்ணி அழைத்தாள். குரலில் பழைய மிடுக்கு இல்லை.

"வெரிட்சா, சாப்பிட்டியா?"

"என்ன விஷயம் அண்ணி?"

"அந்த மெட்டை நான் வாசிச்சுப் பாத்தேன். கதவு திறக்கல. அன்னிக்கி ஒக்னியென் என்னை எத்தனையோ விதமாப் பாடச் சொன்னான். எதப் போட்டான்னு எனக்கென்ன தெரியும்? ஞாபகம் வந்த எல்லாத்தையும் தட்டிப் பாத்துட்டேன்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்று கடையைப் பக்கத்து ஆளிடம் ஒப்படைத்துவிட்டு, வழியில் சீஸ் வைத்துச் சுட்ட புரெக் ரொட்டியும் தயிரும் வாங்கிக்கொண்டு போனேன். கதவைத் திறந்த அண்ணி பொட்டலத்தை மோந்து பார்த்துவிட்டு, "சரி, உள்ள வா" என்றாள். அவ்வளவுதான் எங்கள் சமாதானம்.

எத்தனையோ வரிசைகளில் தட்டிப் பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் கட்டுப்பாட்டுக் கருவியைச் சோபாவில் போட்டுவிட்டு, ஆட்டத்தை நிறுத்தாமலேயே, புரெக்கைப் பிய்த்துத் தின்ன ஆரம்பித்தோம். "சுத்திப் பாரு" என்றாள் லாஸ்தா. நாங்கள் மதிக்கவில்லை. போட்டதுதான் போட்டோம், கருவி குப்புற விழுந்ததில் திரையில் பார்வை மெல்ல மேலே நகர்ந்து கூரைத் திறப்பில் போய் நின்றது எங்களுக்குத் தெரியாது.

அண்ணி மென்றுகொண்டே சொன்னாள்: "அட, நிலா வருது பாரு. அழகா இருக்கு."

திறப்பின் விளிம்பில் ஒரு சின்ன நிலா ஏறியது. கொஞ்ச நேரத்தில் ஒரு பெரிய நிலா. அப்புறம் நடுத்தரமாக ஒன்று, அதன்பின் இன்னும் இரண்டு.

எனக்குத் தொண்டையில் புரெக் அடைத்தது.

"அண்ணி! அஞ்சு நிலா! அஞ்சு குழாய்!"

"என்னது?"

"சின்ன நிலாவுக்குக் குட்டைக் குழாய்! பெரிய நிலாவுக்கு நெட்டைக் குழாய்! அதுங்க ஏறி வர்ற வரிசைதான் மெட்டு!"

"அப்ப தட்டுடி, தட்டு! எண்ணெய்க் கையோட தட்டு, பரவாயில்ல!"

அவள் வரிசையைக் கூவ, நான் தட்டினேன். ஐந்தாவது குழாய் பாடி முடித்ததும் கூடம் முழுக்க அந்த மெட்டு எதிரொலித்தது. கதவு இரண்டாகப் பிளந்தது, பனி பொலபொலவென்று உதிர்ந்தது. நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு குதித்தோம். கீழ்வீட்டுக்காரர் துடைப்பக்கட்டையால் மேற்கூரையை இடித்தார். காபி பொங்கியதால் நாங்கள் தவறவிட்டோமே, அந்த முணுமுணுப்பு வெறும் உதவிதான்; விடை எப்போதும் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது. இதைவிட அழகான புதிரை நான் அவிழ்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை முடிவுக்கு வந்தோம். காணாமல்போனவர்கள் உயிரோடுதான் இருந்தார்கள், கண்ணாடிக் கூரைக்குக் கீழே ஒரு பள்ளத்தாக்கில், தோட்டம் போட்டுக்கொண்டு. கதவு நிலைக் கோடுகளின் பிள்ளை வளர்ந்த பெண்ணாக எங்கள் முன் வந்து நின்றாள். தாங்கள் தப்பி வந்த சுரங்க முதலாளிகளிடம் தங்களைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்றாள். கண்டுபிடித்த சேதியை ஊருக்கு அனுப்புவதா, வேண்டாமா என்று திரை கேட்டது.

"அனுப்பணும்" என்றேன். "ஊர்ல இவங்களுக்காக யாராவது காத்துக்கிட்டு இருப்பாங்க."

"அனுப்பக் கூடாது. அவங்கபாட்டுக்கு இருக்கட்டும்." கருவி அண்ணியின் கையில் இருந்தது. அழுத்திவிட்டாள்.

லாஸ்தா சிரித்தாள். வயிற்றிலிருந்து பொங்கி வந்த சிரிப்பு. ஒரு விண்கலம் முதல்முறையாகச் சிரிப்பது அப்படித்தான் இருக்கும் என்று எனக்குப் புல்லரித்தது.

அண்ணியோ துள்ளி எழுந்தாள். "அடப்பாவி! இது நடிப்பே இல்லடி! மைக் ஸ்டாண்டு சரிஞ்சு ஒக்னியென் தலையில விழுந்துச்சு, அப்பச் சிரிச்சேன். அதப் போய்ப் பதிவு பண்ணி வெச்சிருக்கான் பாரு!" திட்டினாளே தவிர, அந்தச் சிரிப்பை மறுபடி மறுபடி போட்டுக் கேட்டது அவள்தான்.

சனிக்கிழமை கண்காட்சி அரங்கில் நெரிசல். அண்ணி கறுப்பு உடை, சிவப்பு மணிமாலை. ஒக்னியென் அவளுக்குப் பக்கத்தில் நகத்தைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தான். தாடி வைத்த ஒரு பையன் எழுந்து, "மேடம், இந்த கேம்ல என்ன குறைன்னு நெனைக்கிறீங்க?" என்று கேட்டான். ஒக்னியென் சட்டென்று, "அடுத்த கேள்விக்குப் போலாமே" என்றான்.

அண்ணி ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தாள். லாஸ்தாவின் குரலில் சொன்னாள்: "சுத்திப் பாரு."

அரங்கமே வெடித்துச் சிரித்தது. எல்லோரும் அதில் அடிபட்டவர்கள் போலும். சிலர் மேசையைத் தட்டினார்கள்.

"சிரிக்காதீங்க, நான் கோவமா இருக்கேன்" என்றாள் அண்ணி தன் சொந்தக் குரலில். "ஒக்னியென், அந்தப் பதிவு அறையில நான் 'மேல பாரு'ன்னு ஒரு வரி பேசினேன். அது எங்கப்பா போச்சு?"

"அது... ரொம்ப எளிதாயிடும்னு எடுத்துட்டோம் மேடம்."

"எளிதாகல்லாம் ஆகாது. என் நாத்தனார் அங்க உக்காந்திருக்கா பாரு, அவ மருந்து மாத்திக் கொடுத்துட்டா உன் புதிரால. தேவையான பேச்சை மறுபடி கேக்க ஒரு வழி வை. தேவையில்லாத பேச்சை நிறுத்த ஒரு பொத்தான் வை. பறக்கற நேரத்துல நான் எதையாவது சொல்லிக்கிட்டு வரேன், கதை எழுதிக் கொடு. சும்மா பறந்தா தூக்கம் வருது." ஒக்னியென் பக்கம் திரும்பினாள். "ஆனா அந்தப் பென்சில் கோடு போட்ட கை யாரோடது?"

ஒக்னியென் தயங்கிக் கையைத் தூக்கினான். அண்ணி எழுந்து அவன் நெற்றியில் முத்தமிட்டாள். நான் என் இடத்திலிருந்தே, "நிலாப் புதிர் போட்டது யாரு?" என்று கத்தினேன். அதுவும் அவன்தான். முகம் எங்கள் மிளகாய் நிறத்துக்கு வந்துவிட்டது.

இலை உதிரும் காலம் முடிவதற்குள் திருத்திய ஆட்டம் வந்தது. 'மேல பாரு' பனி நிலாவில் ஒருமுறை, தேவைப்பட்டால் மட்டும் ஒலித்தது. பேச்சை நிறுத்தும் பொத்தானும் வந்தது. எத்தனை பேர் அதை அழுத்தினார்கள் என்று அண்ணி ஒக்னியெனை விடாமல் கேட்டாள். அவன் கடைசிவரை சொல்லவில்லை.

பறக்கும் நேரத்துக்கான கதைகளைப் பதிவு செய்ய அவளை மறுபடி அழைத்தார்கள். இம்முறை முழுக் கதையையும் முன்கூட்டியே வாங்கிப் படித்துவிட்டுத்தான் போனாள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அடுத்த ஆட்டத்துக்கான முதல் கதவை ஒரு கணினியில் போட்டு என் முன்னால் வைத்தான் ஒக்னியென். தண்ணீரும் இல்லை, குழாயும் இல்லை, மூன்று நிழல்கள் மட்டும். நான் ஸ்வெட்டர் கையை மேலே சுருட்டிவிட்டுக்கொண்டேன்.

"அண்ணி, நீங்க வெளிய போய் நில்லுங்க."

"நான் எதுவும் சொல்ல மாட்டேண்டி!"

"மூச்சு விட்டாக்கூடச் சொன்ன மாதிரிதான். போங்க!"

அவள் முனகிக்கொண்டே போனாள். நான் முதல் நிழலைத் தொட்டேன். அது நகர்ந்தது.