கடைசி பஸ்ஸை விடாதவள்

எம்.எஸ்சி. முடித்தால் பி.எச்டி. சீட்டு தானாகக் கிடைக்கும் என்று சொன்ன புண்ணியவான் யாரென்று புவனேஸ்வரிக்கு நினைவில்லை. இருந்திருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருப்பாள். இன்றோடு மூன்று நேர்காணல். மூன்றிலும் இல்லையென்றுவிட்டார்கள்.

பஸ் அடிவாரம் தாண்டி மலையேறியது. ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அசதியில் பசிகூடத் தெரியவில்லை.

இன்றைய நேர்காணலில் பேராசிரியை கமலா அவள் மார்க்கைப் பார்த்து முதலில் சந்தோஷப்பட்டார். தாவரவியலில் எண்பத்திரண்டு சதவீதம். அடுத்த தாளைப் புரட்டியதும் முகம் மாறியது.

“ப்ராஜெக்ட் பண்ணலையாம்மா?”

“அதுக்குப் பதிலா இன்னொரு பேப்பர் எழுதலாம்னாங்க மேடம். எழுதிட்டேன்.”

“உனக்கு முன்னாடி வந்த பையனுக்கு எம்.எஸ்சி.யே இல்ல. நாலு வருஷ டிகிரிதான். ஆனா ஒரு வருஷம் லேப்ல வேலை பார்த்திருக்கான். எம்.எஸ்சி. உதவும்மா, அதுல ஆராய்ச்சி இருந்தா. ஆறு மாசம் என் லேப்ல வந்து கத்துக்க. அடுத்த தடவை வலுவா நிக்கலாம். தினம் ராத்திரி ஏழு எட்டு ஆயிரும். வர்றதுன்னா நாளைக்கே வா, கேட்டு நாலு பேர் இருக்காங்க.”

ஏழு மணிக்கு எங்கே போவாள்? சேலத்தில் ஐந்தரை மணி பஸ்ஸை விட்டால் மலைமேல் அவள் ஊரான கொட்டச்சேட்டுக்கு மறுநாள்தான். எம்.எஸ்சி. படிக்கையில் ப்ராஜெக்ட்டுக்கும் லேப்பில் இப்படித்தான் இருட்டிவிடும் என்றார்கள்; அந்தப் பஸ்ஸுக்காகத்தான் அன்றைக்கு ப்ராஜெக்ட் வேண்டாம் என்றார் அப்பா.

எஸ்டேட் வேலை முடிந்து வந்த அப்பா மாரிசாமி, பஸ் நிற்குமிடத்தில் டீக்கடைச் சின்னராஜோடு நின்றிருந்தார்.

“அஞ்சு வருசம் காலேஜுக்குப் போச்சுங்க. ஒரு நாளுகூடக் கடைசி பஸ்ஸை உட்டதில்லைங்க எம்புள்ள.”

இதை அவர் சொல்லாத ஆள் ஊரில் பாக்கியில்லை. சின்னராஜும் புதிதாகக் கேட்பவர் போலத் தலையாட்டினார்.

இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள்.

“என்னாச்சு கண்ணு?”

“இல்லைன்னுட்டாங்கப்பா.”

“மார்க்கு பத்தலையா?”

இடம் கம்மி என்று சொல்லிவிடலாம். போன இரண்டு தடவையும் அப்படித்தான் சொன்னாள். இன்றைக்குப் பொய் சொல்லக்கூடத் தெம்பில்லை.

“கடைசி பஸ்ஸை உடாததுதாங்கப்பா தப்பாப் போச்சு.”

ப்ராஜெக்ட், லேப், ஆறு மாதம், நாளைக்கே என்றது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு, இந்த மனிதரைப் போய் நோகடித்தோமே என்று அழுகை வந்தது.

மாரிசாமி வாசலில் செருப்பைக் கழற்றினார். உள்ளே போகாமல் அங்கேயே நின்றார்.

“அன்னைக்கு நாஞ்சொன்னதுனாலயா சாமி?”

அவள் குனிந்து அவர் செருப்பை ஓரமாக எடுத்து வைத்தாள். மாரிசாமி அவள் தோள்பையை வாங்கிக்கொண்டார்.

“அடிவாரத்துல உங்க வனிதா அத்தை ஊடு இருக்குது. அங்க ராத்திரியிலயும் டவுன் பஸ் வரும். நாலு துணிமணி எடுத்து வெய்யி, காலைல நானும் வாரேன்.” வாசலைத் தாண்டி உள்ளே காலெடுத்து வைத்தார். “நாளைக்குக் கடைசி பஸ்ஸை உட்டுரு கண்ணு.”